தலை பதியாத ஆணி

வேலைக்கு வந்ததும் முட்டுக்காரர் நேரே கூரையின் முதல் சட்டத்திடம்தான் போவார். சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு, சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல், அதன் சாய்வு முட்டைப் பற்றி ஒரு முறை தன் பக்கமாக இழுப்பார். ஒரு முறை அப்பால் தள்ளுவார். பிறகு, காய்ச்சல்காரக் குழந்தையின் மார்பில் காது வைப்பவரைப் போல அந்த மரத்தில் காதை வைத்துச் சற்று நேரம் நிற்பார்.

"என்ன முட்டுக்காரரே, மரம் ஏதாச்சும் பேசுதா?" என்று, சட்டங்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றும் கயிற்றுக்காரன் சுவரின் மேலிருந்து கேட்பான்.

"பேசாத வரைக்கும் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்பார் அவர்.

அங்கே எழும்பிக்கொண்டிருந்தது ஒரு சரக்குக் கிடங்கு. நீண்ட இரண்டு சுவர்களின் மேல், மரத்தாலான பெரிய முக்கோணச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி நிறுத்திக்கொண்டு வந்தார்கள். அவற்றின் மேல் ரீப்பர்க் கட்டைகள் அடித்துத் தகடு போட்டுவிட்டால், பிறகு அந்தக் கூரையை யானை தள்ளினாலும் அசைக்க முடியாது. ஆனால் அதுவரை, ஒவ்வொரு சட்டமும் விளிம்பில் நிறுத்திவைத்த அட்டையைப் போன்றது. காற்று ஊதினால் சாயும். முதல் சட்டத்தை மட்டும் தரையில் அறைந்த முளைகளிலிருந்து கிளம்பும் சாய்வு முட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது சட்டம் குறுக்குப் பலகைகளால் முதலாவதைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. கடைசிச் சட்டம்வரை இப்படியே கைகோத்து நின்றன.

இந்தப் பலகைகளை அடிப்பதுதான் முட்டுக்காரரின் வேலை. கூரை மூடியதும் அவர் அடித்ததையெல்லாம் கழற்றிவிடுவார்கள். ஊரெல்லாம் எத்தனையோ கட்டடங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஒன்றைக் காட்டி 'இது என் வேலை' என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றலாம் என்ற பலகைக்கு ஆணியை முழுதும் இறக்கமாட்டார்கள்; தலையை விரற்கடை அளவு நீட்டி விடுவார்கள். கழற்ற வருகிறவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீட்டிய தலையைப் பார்த்தால் சுத்தியலின் கொம்பைக் கொடுத்துப் பிடுங்கிவிடலாம். தொடக்கூடாத பலகைக்கு ஆணித்தலை மரத்துக்குள் பதியும்வரை அடிப்பார்கள். முதல் சட்டத்தின் முட்டுகளுக்கு முட்டுக்காரர் எப்போதும் தலை பதிய அடிப்பார். ஓங்கி அடிக்கும் கடைசி அடியில் மரத்தில் ஒரு வட்டக் குழி விழும். அந்த வட்டம்தான் அவருடைய கையெழுத்து.

அன்று காலை முட்டு பேசியது. முந்தைய நாள் மழையில் முளை இளகி, முதல் சட்டம் நூல் பிடித்த நேரிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. முட்டுக்காரர் ஆணிகளைப் பிடுங்கி, முளையை வேறிடத்தில் அறைந்து, தூக்குக்குண்டு பார்த்து, இரண்டு புதுப் பலகைகளைச் சாய்வு முட்டாக அடித்தார். தலையை மட்டும் பதிக்கவில்லை. ஈரமண் எப்படி உட்காருகிறது என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை குண்டு பிடித்துப் பார்த்து இறக்கலாம் என்று விட்டிருந்தார்.

சாப்பாட்டு வேளையில் எல்லாரும் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். கயிற்றுக்காரனுடைய மனைவி அவனுக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். அவளும் அங்கேதான் சித்தாள் வேலை பார்த்தாள். ஏணியில் அவள் ஏறும் வேகத்தைப் பார்த்து எல்லாரும் அவளை அணில் என்றே கூப்பிட்டார்கள்.

"ஒரு வியாபாரி இருந்தானாம்" என்று கயிற்றுக்காரன் வாயில் சோற்றோடு தொடங்கினான். "பத்துக் கழுதை வச்சிருந்தானாம். ராத்திரி ஓடிடக்கூடாதுன்னு ஒண்ணோட ஒண்ணு இறுக்கிக் கட்டினான். எல்லாக் கழுதையும் கட்டுப்பட்டு நிக்குதேன்னு நிம்மதியாத் தூங்கினான். காலையில பார்த்தா ஒரு கழுதையும் இல்ல."

"கயிறு அறுந்துடுச்சா?" என்றாள் அணில்.

"கயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. முதல் கழுதையை மரத்துல கட்ட மறந்துட்டான். அது கிளம்பிச்சு, மத்ததெல்லாம் கட்டுக் குலையாம, வரிசையா, மரியாதையாப் பின்னாலயே போயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். "உன்னையும் சேர்த்துப் பதினொண்ணு" என்றாள் அணில். முட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் அவருடைய கண் முதல் சட்டத்தின் பக்கம் போய்த் திரும்பியது.

அவர்கள் கை கழுவுவதற்குள் மேஸ்திரி வந்தார். அவர் முட்டுக்காரரின் அக்காள் கணவர். அந்தக் கூட்டத்துக்கு வேலை பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"மாப்ளே, எழுந்திரு. முதலாளி வீட்டுச் சமையற்கட்டுக் கதவு காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்குதாம். சாயங்காலம் விருந்தாளி வர்றாங்களாம். வண்டி அனுப்பியிருக்காரு."

"முதல் முட்டை இன்னும் முடிக்கல மாமா. குண்டு பார்த்து இறக்கிட்டு வந்துடறேன்."

"வண்டிக்காரன் வாசல்ல ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கிறான். கதவைச் சரிபண்ண எவ்வளவு நேரம்? வந்து அடிச்சுக்கோ."

முட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்தபோது, "மாமா, முதல் முட்டைத் தொட வேண்டாம்!" என்று கத்தினார். மேஸ்திரி கையைத் தூக்கினார். கேட்டுத் தூக்கினாரா, போய் வா என்று தூக்கினாரா என்பது வண்டிச் சத்தத்தில் விளங்கவில்லை.

முதலாளியான ஒப்பந்தக்காரரின் வீட்டுக் கதவு நல்ல மரம். கீல் ஒன்று தளர்ந்து, அடிப்பக்கம் தரையில் உரசியது. காற்று வந்தால் மடாரென்று சாத்திக்கொண்டது. முட்டுக்காரர் அதைக் கழற்றி, அடியை இழைத்து, திருகாணிகளைத் தலை பதிய முடுக்கினார். பிறகு ஒரு விரலால் தள்ளினார். கதவு பூனையைப் போலச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டம்மா மகிழ்ந்துபோய், "இன்னொரு சன்னல் இருக்கு, அதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றாள். சன்னலைத் திறந்தபோது திரைச்சீலை அவர் முகத்தில் வந்து அறைந்தது. காற்று கிளம்பிவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சன்னல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

திரும்பிச் செல்ல வண்டி இல்லை. நடந்தார், பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனார். தெருமுனையிலிருந்து பார்த்தபோது சட்டங்கள் வரிசையாக நின்றன. மூச்சு வந்தது. கடைசிச் சட்டத்தருகே, சுவரின் மேல், கயிற்றுக்காரன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் குறுக்குப் பலகைகள் இருந்தன. எல்லாம் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று, பல் விழுந்த வாயைப் போல, கண்ணை உறுத்தியது.

வாசலைத் தாண்டியபோதுதான் கண்டார். முதல் சட்டத்தின் முன்னால் தரை வெறுமையாக இருந்தது. முளைகள் மட்டும் நின்றன. சாய்வு முட்டு ஒன்றுகூட இல்லை.

"இறங்குடா! டேய், கீழ இறங்கு!"

கயிற்றுக்காரன் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். "மரம் ஏதாச்சும் பேசுதா?" என்று கேட்டிருப்பான்; உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. முதல் சட்டம் விழவில்லை. முதலில் தலை குனிந்தது. ஒரு நொடி யோசிப்பதைப் போல அப்படியே நின்றது. பிறகு இரண்டாவதன் மேல் சாய்ந்தது. இரண்டாவது மூன்றாவதன் மேல் சாய்ந்தது. குறுக்குப் பலகை ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. கட்டுக் குலையாமல், வரிசையாக, எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன. கடைசிச் சட்டம் சுவரோரத்துச் செங்கற்களையும் கயிற்றுக்காரனையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

புழுதி அடங்குவதற்குள் பலகைகளைப் புரட்டி அவனை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் இரண்டும் போகாத திசையில் கிடந்தன. அவனைக் கதவுப் பலகை ஒன்றில் வைத்து வண்டியில் ஏற்றியபோதுதான், ஏணியடியில் அணில் சுத்தியலோடு நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். வண்டியில் ஏறவும் தோன்றாமல் நின்றாள்.

"சாய்வு முட்டை யாரு கழட்டினது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நீங்கதானே மேஸ்திரி..." என்றாள் அணில். "அந்தப் பக்கம் மேடைக்குக் கான்கிரீட் கொட்டத் தடுப்புப் பலகை பத்தலைன்னு, தலை நீட்டின பலகையெல்லாம் கழட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க. சாய்வு முட்டையுமான்னு கேட்டேன். தலை நீட்டியிருக்குல்ல, அப்புறம் என்ன கேள்வின்னு சொன்னீங்க."

"நான் குறுக்குப் பலகையில ரெண்டொண்ணு எடுக்கத்தான் சொன்னேன். முதல் முட்டைக் கழட்டச் சொல்ற பைத்தியக்காரன் எவனாவது இருப்பானா?" மேஸ்திரி சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "தலை நீட்டியிருந்துச்சாம்! முட்டுக்காரன் என்னைக்காவது முதல் முட்டுக்குத் தலை நீட்டி விட்டிருக்கானா? நீங்களே சொல்லுங்க."

எல்லாருடைய முகமும் முட்டுக்காரரின் பக்கம் திரும்பியது. அவருடைய பழக்கம் எல்லாருக்கும் தெரியும். உண்மை அவர் வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அணில் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து சைக்கிள் சாவியைத் தேடினார்.

பொழுது சாய்வதற்குள் ஒப்பந்தக்காரர் வந்து, இடிபாட்டைச் சுற்றி நடந்து, தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். கட்டின பெண்டாட்டியே புருஷனைத் தள்ளிவிட்டதற்குத் தான் எப்படி வைத்தியம் பார்க்க முடியும் என்றார். பாவம் பார்த்து ஒன்று செய்யலாம். இடிபாட்டை அள்ள அவளுக்கே வேலை கொடுக்கலாம். ஏணியை மட்டும் தொடக்கூடாது என்றார்.

அணில் கழற்றிக் கொண்டுவந்த இரண்டு பலகைகளும் மேடைப் பக்கத்தில் இன்னும் அடிக்கப்படாமல் கிடந்தன. மேஸ்திரி அவற்றின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். ஆணித் துளைகள் இருந்தன. சுற்றிலும் வட்டக் குழி இல்லை.

"மாப்ளே, இதை எடுத்துக்கிட்டுப் போய் அடுப்புல வச்சிடு" என்றார் தாழ்ந்த குரலில். "உனக்காகத்தான் சொல்றேன்."

முட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அடுப்பில் வைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில், சாக்கைப் போட்டு மூடிவைத்தார். அதற்குப் பிறகு அவர் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். தொட்டியில் தண்ணீர் மொள்ளப் போகும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்காள் ஒரு நாள் காலையில் வந்தாள். கொண்டுவந்த சாப்பாட்டை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"மாமா ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்துக்கிறாருடா. கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கிறாரு. நீயாவது சொல்லு, என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா நீ இப்படி இளைச்சுப் போயிட்டே? இங்க பாரு. அவரு கையில வேலை இருக்கிறவரைக்கும்தான் என் வீட்டுலயும் உலை, உன் வீட்டுலயும் உலை. அதை மட்டும் மனசுல வச்சுக்கோ."

அவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே, அன்று பிற்பகல், பொது மருத்துவமனைக்குப் போனார்.

கயிற்றுக்காரன் சன்னலோரக் கட்டிலில் கிடந்தான். கால்கள் இரண்டையும் கட்டி, கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கவாட்டில் மணல் பைகள் இருந்தன. அவரைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க முட்டுக்காரரே. பாருங்க, எனக்கும் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்துட்டாங்க. தலை மட்டும்தான் நீட்டிக்கிட்டிருக்கு. எப்பக் கழட்டுவாங்கன்னுதான் தெரியல."

அவரால் சிரிக்க முடியவில்லை. "நடக்கலாம்னு சொல்றாங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நடக்கலாமாம். இங்கயே கிடந்தா இப்படியே கிடக்கலாமாம்." கயிற்றுக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அதை விடுங்க. அவளைப் பத்திச் சொல்றேன். தினமும் வர்றா. தலைமாட்டுல நின்னுக்கிட்டுச் சோறு ஊட்டுறா. எதிர்ல வந்து உட்காருன்னா வரமாட்டேங்கிறா. என் முகத்தைப் பார்க்கமாட்டேங்கிறா. சரி, கழட்டினா கழட்டிட்டுப் போற, நான் கோவிச்சுக்கவா போறேன்னு சொன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'தலை நீட்டியிருந்த மாதிரித்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. என் கண்ணுதான் பொய் சொல்லியிருக்கு'ன்னு சொல்றா. ராத்திரியில விளக்கைப் பார்த்தாக்கூட, இது நிசமா விளக்கான்னு கேக்கிறாளாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்குப் பயமா இருக்கு அண்ணே."

அதுவரை அவன் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. முட்டுக்காரர் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்தார், எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

மறுநாள் காலை அவர் சைக்கிளை எடுக்கவில்லை. தொட்டிக்குப் பின்னாலிருந்து சாக்கை விலக்கி, இரண்டு பலகைகளையும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கடைத்தெருவில் தெரிந்தவர்கள், "எங்க முட்டுக்காரரே, புது வேலையா?" என்று கேட்டார்கள். "பழைய வேலைதான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கிடங்கில் புதிதாக ஒரு முதல் சட்டம் நின்றது. இரும்பு முளைகளும், இரு பக்கமும் தடித்த சாய்வு முட்டுகளும் இருந்தன. ஒரு சட்டத்துக்கு அத்தனை முட்டுகளை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. வழக்கம்போல் கை அதை நோக்கி எழுந்தது. தொடாமல் தாண்டிப் போனார். உடைந்த செங்கற்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த அணிலின் முன்னால் பலகைகளை இறக்கினார். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, இந்தத் துளையைத் தொட்டுப் பாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு சுண்ணாம்பு படிந்த விரலைத் துளையின் மேல் வைத்து, மெதுவாகச் சுற்றினாள். அடுத்த துளையைத் தொட்டாள். பலகையைப் புரட்டி மறு நுனியையும் தொட்டாள்.

"வட்டமே இல்லையேண்ணே."

"இல்ல. நான் பதிக்கல. தலை நீட்டித்தான் இருந்துச்சு. உன் கண்ணு பொய் சொல்லல."

மேஸ்திரி ஓடி வந்தார். பின்னால் ஒப்பந்தக்காரரும் வந்தார்.

"மாப்ளே, உனக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போ."

"போறேன் மாமா. சொல்லிட்டுப் போறேன்." முட்டுக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். அவருக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. "முதல் முட்டுக்குத் தலை நீட்டி விட்டது நான். அரைகுறையா விட்டுட்டுக் கதவு சரிபண்ணப் போனது நான். அன்னைக்கு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான். இந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிசம்."

"கதவுக்கும் கூரைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"முட்டை முடிக்கிறதுக்குள்ள கதவுக்கு வண்டி அனுப்பினீங்க" என்றார் முட்டுக்காரர். "மேடைக்குப் பலகை கேட்டோம், நாளைக்கு வரும்னு சொன்னீங்க. அதான் நின்ன முட்டைக் கழட்ட வேண்டியதாப் போச்சு."

"சரி. அவ இல்ல, நீ. அவ்வளவுதானே? ரெண்டு பேருல யாரோ ஒருத்தர்." ஒப்பந்தக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இனிமே வேலைக்கு வராதே. வைத்தியச் செலவையும் அவங்க உன்கிட்டயே கேட்டுக்கட்டும்."

அணில் எழுந்து மேஸ்திரியின் முன்னால் வந்து நின்றாள். "நான் கேட்டேனா இல்லையா மேஸ்திரி? சாய்வு முட்டையுமான்னு கேட்டேனா இல்லையா?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார், முட்டுக்காரரைப் பார்த்தார். அந்த நேரத்தில் வாசலில் லாரி ஒன்றின் ஆரன் கேட்டது. "இதோ வந்துட்டேன்" என்று யாரும் கூப்பிடாத குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அவர் வாசலை நோக்கி விரைந்தார்.

அணில் முட்டுக்காரரின் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் நன்றி இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. இத்தனை நாளும் அவரு முகத்தைப் பார்க்க முடியாம நின்னேனே."

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "அவன்கிட்டயும் நானே சொல்றேன். தொழிலாளர் அலுவலகத்துலயும் வந்து சொல்றேன். என் சைக்கிளும், ஆயுதமும், என்ன இருக்கோ அதை வித்து அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றார்.

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். குனிந்து பலகைகளில் ஒன்றின் நுனியைத் தூக்கினாள். "அவரும் தொட்டுப் பார்க்கட்டும்" என்றாள். முட்டுக்காரர் மறு நுனியைத் தூக்கிக்கொண்டார். அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாக நடந்தார்கள்.

வாசலில் அவர்களால் வெளியே போக முடியவில்லை. "ஓரமா நில்லுங்க, ஓரமா!" என்று மேஸ்திரி அவர்களைப் பாராமலே கத்தினார். இருவரும் ஒற்றைப் பலகையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "வா, வா, இன்னும் வா" என்று மேஸ்திரி கையசைக்க, லாரி மெதுவாக உள்ளே வந்தது. அதன் மேல் கட்டியிருந்த புதுப் பலகைகள், ஈர மரத்தின் வாசனையோடு, அவர்கள் தலைக்கு மேல் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தன.